நூறு குளவி தந்தீர்கள், பெண் எங்கே?

தென்னைக்கு ஒட்டுண்ணிக் குளவி வழங்கும் பிரிவின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சாம்பல்தீவுப் பக்கம் தென்னோலையைத் தின்னும் கருந்தலைப் புழு ஏறியிருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் மூன்று தரம் எழுதிய மனுவும் உங்கள் கோப்பில் இருக்கும். கச்சான் காற்றோடு சேர்ந்து ஓலையெல்லாம் தீப்பட்டது போல நிற்கிறது. ஆகவே நேரே குப்பிக்கு வருகிறேன்.

போன கிழமை, அந்தப் புழுவை அழிக்கிற குளவியின் பெயரும் எண்ணிக்கையுமாக 'கோனியோசஸ் 100' என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு ஒரு குப்பி தந்தீர்கள். மரத்தில் விட முன் சோதித்துப் பார்க்கலாம் என்று, கொழுத்த புழு நாலைப் பிடித்து ஓலைத் துண்டோடு உள்ளே போட்டோம். இந்தக் குளவியில் பெண்தான் புழுவைக் கொட்டி மயக்கும். அதன் மேலேயே முட்டையிட்டு, குஞ்சுகள் கூடு கட்டும்வரை காவலும் இருக்கும். இரண்டு நாள் காத்திருந்தோம். ஒரு புழுவும் மயங்கவில்லை. ஓலையைத் தின்று எச்சம் போட்டதுதான் மிச்சம். மகள் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். பெண் இரண்டே இரண்டு, அதுவும் செத்துக் கிடந்தன. மற்றதெல்லாம் சின்ன உடம்பு ஆண்கள்.

வழமையாக ஒரு புழுவில் வளரும் பத்துக் குளவியில் ஆண் ஒன்றுதான் இருக்கும். கூடப்பிறந்த பெண்களோடேயே சேர்கிற பூச்சிக்கு ஆண் அதிகம் இருந்து பயனில்லை. 1967இலேயே ஹாமில்டன் என்ற உயிரியல் அறிஞர் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார். கருக்கட்டிய முட்டை பெண்ணாகும், கருக்கட்டாதது ஆணாகும். அப்படியென்றால் உங்கள் வளர்ப்பறையில் தாய்க் குளவிகள் ஆணோடு சேராமலே முட்டையிட்டிருக்கின்றன என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. அதைக் கவனிக்க ஆளில்லையா? குப்பியில் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், ஆணோடு சேர்ந்த பெண் எத்தனை என்று எழுதித் தாருங்கள்.

சொல்லப்போனால் உங்கள் விழிப்புணர்வுக் கூட்டங்களும் இப்படித்தான். மேடைக் கதிரை முழுக்க ஆண்கள், வெயிலில் மட்டை வெட்டி எரிக்கப் பெண்கள். குளவிக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டதோ என்னவோ. சரி, மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

தயவுசெய்து வேறு குப்பி தாருங்கள், ஆணோடு சேர்ந்த பெண்களாகப் பார்த்து. பழையதை வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுவேன். கெதியாக வாருங்கள், நாலு புழுவில் ஒன்று இன்று காலை கூட்டுப்புழுவாகிவிட்டது.

இப்படிக்கு,
சாம்பல்தீவுத் தென்னைக்காரன் ஒருவன்