மேலத்தெருப் பெரியம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்பான சபையாருக்கும் ஊராருக்கும் ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17 ராத்திரி வந்த வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பேப்பரில் போட்டிருந்தான். நமக்கு அந்தக் கணக்கு எதற்கு? வீட்டுச் சுவரைப் பார்த்தாலே தெரிகிறது.

கடற்கரையிலிருந்து வள்ளம் கொண்டுவந்து எங்கள் அம்மாவைக் கட்டிலோடு தூக்கிய அண்ணன்மார், பள்ளிக்கூட மாடியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்கள், பாயும் போர்வையும் அனுப்பிய நாகர்கோவில் குடும்பங்கள், சேறு அப்பிய தையல் மெஷினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி ஓட வைத்த ஒர்க்‌ஷாப் தம்பி, தன் வீட்டிலும் தண்ணீர் நிற்கும்போது எங்களைத் தேடி வந்த நம் சபைப் போதகர் ஐயரவர்கள், எல்லாருக்கும் நன்றி. அரசாங்கம் கொடுத்த 6,000 ரூபாயும் சரியான நேரத்தில் கைக்கு வந்தது. யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். தலை இன்னும் சரியாக நிற்கவில்லை.

மேலத்தெருப் பெரியம்மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாக எழுத வேண்டும். பெயர் போட மாட்டேன். போட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

கிறிஸ்துமஸுக்குத் தைக்க என்னிடம் 31 பேருடைய துணி இருந்தது. எல்லாம் புதுத் துணி. சிலர் வருஷம் முழுக்கச் சீட்டுப் போட்டு எடுத்தது. தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது அத்தனையும் வண்டலுக்குள் ஒரே உருண்டையாகக் கிடந்தது. யார் துணி எது என்று குத்தி வைத்திருந்த சீட்டெல்லாம் கரைந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், வீடு போனதைவிட இதுதான் எனக்குப் பயம். ஜனங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்று யாராவது ஆறுதல் சொன்னால் எரிச்சலாக வந்தது. ஜெபிக்க வாய் வரவில்லை.

20ஆம் தேதி காலையில் பெரியம்மா வாசலில் வந்து நின்றார்கள். பத்து ரூபாய்க்குப் பத்து நிமிஷம் பேரம் பேசுகிற ஆள். அவர்கள் துணியும் அந்த உருண்டைக்குள்தான் இருந்தது. சரி, முதல் சண்டை இவர்களோடுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. உருண்டையைத்தான் பார்த்தார்கள்.

"ஏட்டி, அழுதுக்கிட்டு நிக்காத. அந்தச் சாக்கை எடு."

அவ்வளவுதான். எல்லாவற்றையும் சாக்கில் திணித்து, பேரனைத் தூக்க வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கரண்டு இல்லை, மோட்டார் இல்லை. அடிகுழாயில் அடித்து அடித்து, மூன்று நாள், 31 பேர் துணியையும் அலசியிருக்கிறார்கள். அவர்கள் வாழைத் தோட்டம் அப்போது ஒரு மரம் நிற்காமல் சாய்ந்து கிடந்தது. அதைப் போய்ப் பார்க்கக்கூட இல்லையாம். "பாத்தா எந்திரிச்சி நிக்கவா போகுது?" என்றார்கள். சேற்றுத் தண்ணீரிலேயே நின்று கால்விரல் இடுக்கெல்லாம் புண். 22ஆம் தேதி மடித்துக் கொண்டுவந்தார்கள். யார் துணி எது என்பதையும் தெருத்தெருவாகக் கேட்டுப் பிரித்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். கறை முழுசாகப் போகவில்லை. தேயிலைத் தண்ணீர் சிந்தினது மாதிரி அங்கங்கே திட்டு.

"கறை இருந்தா இருந்துட்டுப் போவுது. மொத என்னோடத தை. நான் உடுத்துனா மத்தவளுவளும் உடுத்துவாளுவ."

கால் மெஷின் என்பதால் கரண்டு இல்லாமலும் தைக்க முடிந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒன்பது ஜாக்கெட்தான் முடித்தேன். கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனையில் பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கறையோடு. முக்காட்டை அந்தப் பக்கம் இழுத்து மூடவும் இல்லை. எனக்குப் பாட்டுப் பாட முடியாமல் தொண்டை அடைத்தது.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.' வேதாகமத்தில் பிலிப்பியர் 4:13. தண்ணீர் அந்த வசனத்துக்கு மேலே நாலு விரல் ஏறித்தான் நின்றது. அந்தக் கோடு எனக்கு ஆண்டவரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு அந்த அதிகாரத்தை முழுசாக எடுத்து வாசித்தேன். அப்போஸ்தலனாகிய பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதுகிறார். அந்தச் சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் உதவி அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்கிற இடம் அது. கொண்டுவந்த மனுஷனும் வியாதிப்பட்டுச் சாவுவரைக்கும் போய்வந்தவர். மனரம்மியமாயிருக்கக் 'கற்றுக்கொண்டேன்' என்றுதான் பவுலே சொல்கிறார், பிறக்கும்போதே வந்தது என்று சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதல்! அடுத்த வசனத்தை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை: 'ஆனாலும் நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது.' இத்தனை வருஷமாகப் பதிமூன்றோடு நிறுத்திவிட்டிருக்கிறேன். எனக்கு வந்த பெலன் ஒரு சாக்கு மூட்டையில் அலசி மடித்து வந்தது.

என் மனம் இன்னும் முழுசாகத் தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி மழை தூறினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் ஒரு பொருத்தனை பண்ணியிருக்கிறேன். அந்த 31 பேருக்கும் தையல் கூலி கிடையாது. மிச்சத் துணியும் இந்த மாதத்துக்குள் தைத்து வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பேன்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. கூலி எவ்வளவு என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் 150 என்றேன். "ஏயம்மா, 150-ஆ! கறத் துணிக்கா?" என்று பத்து நிமிஷம் பேசி, 140 ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள்.