எல்லாமே சீனப் பேரரசரின் பரிசல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையின் சீனப் பீங்கான்கள் பற்றிய கட்டுரை படித்தேன். எல்லாமே சீனப் பேரரசர் துருக்கி சுல்தானுக்கு அனுப்பிய பரிசு என்ற தொனி சரியல்ல. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தச் சாமான்களில் போர்க்கொள்ளையும் உண்டு. 1514இல் பாரசீக நகரமான தப்ரீஸிலிருந்து வந்தது அப்படித்தான். விலைக்கு வாங்கியதும், இறந்த அதிகாரிகளின் சொத்திலிருந்து அரண்மனைக்குச் சேர்ந்ததும் உண்டு.

ராஜாங்கப் பரிசுக்கு உதாரணம் வேண்டுமென்றால், 1383இல் சீனாவின் மிங் வம்சப் பேரரசர் ஹோங்வூ, சம்பா (இன்றைய வியட்நாமின் ஒரு பகுதி), சயாம் (தாய்லாந்து), கம்போஜ (கம்போடியா) மன்னர்களுக்கு ஆளுக்கு 19,000 பீங்கான் அனுப்பினார். எண்ணிக் கட்டியவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது!

மகனோடு இஸ்தான்புல் போனபோது நானும் அவற்றைப் பார்த்தேன். பச்சைத் தட்டில் விஷம் பட்டால் நிறம் மாறும் என்று அங்கே நம்பினார்களாம். என் கண் நின்றது மூக்கு உடைந்த ஒரு கெண்டியில். தூக்கிப் போடாமல் வெள்ளியில் மூக்கு வைத்திருந்தார்கள். மூடி உடைந்த ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டி இருபது வருஷம் ஓட்டிய எங்கள் அப்பத்தா நினைவு வந்தது.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
காரைக்குடி.