எழுதிய மணியைத் திருத்தாதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ புறப்பட்டுச் சென்று நாற்பது நாள் ஆகிறது. நம் கூட்டுக் கிணற்றில் யார் எந்த மணி முதல் எந்த மணி வரை பாய்ச்சினார் என்று எழுதிவரும் நீர்முறை நோட்டுகள் ஆறையும் துணிப்பையில் போட்டு எடுத்துச் சென்றாயே, அவற்றைப் பார்த்து முடித்தாயா என்று கேட்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. வேலை மிகுதியாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன் செய்யவே நேரமில்லாதவள் கடிதத்தையா படிக்கப் போகிறாள் என்கிறாள் அவள்.

மோட்டார் ஓடுகிறது. உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் சருகு சிக்கி, நிறுத்தினால் குழாயில் நின்ற தண்ணீரெல்லாம் கிணற்றுக்குள் இறங்கிவிடும் தொல்லை இருந்தது. இரண்டு நாள் குடம் குடமாக ஊற்றி ஓட்டிவிட்டு, பிறகு கழற்றிச் சுத்தம் செய்தோம். நீர்மட்டம் இறங்கியதால் மோட்டாரையும் கிணற்றின் உள்மேடைக்கு இறக்கிவிட்டோம். தண்ணீருக்கும் மோட்டாருக்கும் இடையே ஏழு மீட்டருக்கு மேல் போனால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் உறிஞ்சத் திணறும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ டிரம் வைத்து அளந்ததை மற்ற மூன்று பங்காளிகளும் இன்னும் பேசுகிறார்கள். 200 லிட்டர் டிரம் காலையில் 20 விநாடியில் நிறைந்தது, மாலையில் அதே டிரம் நிறைய 25 விநாடி ஆனது. கிணறு இறங்க இறங்க மோட்டார் இன்னும் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருப்பதால் வரத்துக் குறைகிறது என்றும், காலையில் மணிக்கு 36,000 லிட்டர் பாய்ச்சுகிறவரும் மாலையில் 28,800 லிட்டர் பாய்ச்சுகிறவரும் மணிக்கணக்கில் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள் என்றும் அன்று வரப்பில் நின்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தச் சுமார் இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். காலையில் அதற்கு ஐந்தரை மணி நேரம், மாலையில் ஏழு மணி நேரம். கடைமடையில் இருக்கும் உன் பெரியப்பாவுக்கோ இதற்கு மேலும் ஒரு நட்டம் உண்டு. காய்ந்த மண் வாய்க்கால் தன் பங்கைக் குடித்த பிறகுதான் அவர் மடைக்குத் தண்ணீர் வந்து சேரும். அந்த அரை மணி நேரமும் அவர் கணக்கில்தான் ஏறுகிறது.

இருந்தும், மீட்டர் வைத்து லிட்டர் கணக்கில் வசூலிக்கலாம் என்று நீ சொன்னபோது நான் தலையாட்டவில்லை. அதற்குக் கோபித்துக்கொண்டாயோ என்னவோ. காகிதத்தில் கணக்குப் போடுகிறவர்கள் மோட்டார் அருகே ஓர் இரவு விழித்திருந்து பார்க்க வேண்டும். தாழ்மின்னழுத்தத்தில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகினால், ஓட்டிக்கொண்டிருந்தவர் தலையில் செலவைக் கட்டாமல் பொதுப்பணத்தில் எடுக்க வேண்டும் என்பதை மற்ற மூன்று பேரையும் ஒப்புக்கொள்ள வைக்கவே எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. மீட்டரோ மணியோ, எதை வைத்தாலும் அன்றன்றைக்கே எழுத வேண்டும். எழுதியதை மறுநாள் திருத்தக் கூடாது. இதை நீ எந்தக் கிராமத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தாலும் சொல். எழுதியதைத் திருத்தக் கூடாது.

அந்த நோட்டுகளில் மூன்றாவதை நீ புரட்டியிருப்பாய்.

கிணறு வற்றிய ஆண்டு நம் பயிர் பூக்கும் தறுவாயில் இருந்தது. இரவு பத்து முதல் இரண்டு வரை என் முறை, இரண்டு முதல் ஆறு வரை பெரியப்பாவின் முறை. அவர் கடைமடையில் மண்வெட்டியைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார். மணி இரண்டு ஆனதும் எனக்குத் தெரியும். ஸ்டார்ட்டர் பெட்டியின் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். நான்கு மணிக்குத்தான் போய் எழுப்பினேன். அப்போதுதான் மின்சாரம் வந்தது என்று அவரிடம் சொன்னேன். காலையில் நீ வழக்கம் போல ‘10 முதல் 4’ என்று எழுதினாய், நான்தான் அழித்து 2 என்று போடச் சொன்னேன். உனக்குப் பதினோரு வயது. ஏன் என்று நீ கேட்கவில்லை. ரப்பரை வைத்துத் தேய்த்த தேய்ப்பில் தாள் கிழிந்துபோயிற்று. நோட்டில் இருந்தபடியே பெரியப்பா நான்கு மணி நேரத்துக்குப் பணம் கட்டினார். அந்தப் பருவத்தில் அவருடைய கடைசி இரண்டு பாத்தியும் கருகிப்போயின. நீர்மட்டத்தின் மேல் பழியைப் போட்டு, நானும் அவரோடு நின்று வருத்தப்பட்டேன். மீட்டர் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு மின்னழுத்தமும் காரணமில்லை, செலவும் காரணமில்லை.

அடுத்த கணக்குக் கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா. பெரியப்பாவுக்குச் சேர வேண்டிய இரண்டு மணி நேரத்தை என் முறையிலிருந்து, காலைத் தண்ணீராகவே விட்டுத் தருகிறேன் என்று அங்கே நானே சொல்லிவிடுகிறேன். மீட்டரையும் வாங்கி வா. தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வை ஒட்டிப் பொருத்தாமல், நீளமான நேர்க்குழாயில் பொருத்து. யார் எழுதுவது என்று கேட்டிருந்தாய். ஒருவர் முறை முடியும்போது அடுத்த முறைக்காரர் வந்து ரீடிங்கைப் பார்த்து எழுதட்டும். என்னுடையதைப் பெரியப்பா எழுதட்டும்.

இப்படிக்கு,
அப்பா