கியாப்பைப் பற்றிப் பேசப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பயிற்சி வகுப்பில் பேச வியட்நாமின் ஜெனரல் வோ நுயென் கியாப்பை எடுத்திருக்கிறாய் என்றதும் மனம் நிறைந்துவிட்டது. பிரெஞ்சுப் படை அரண் கட்டியிருந்த தியன் பியன் பூ பள்ளத்தாக்கு அவரிடம் விழுந்த 1954 மே 7-இல் மட்டும் தொடங்காதேம்மா. அதே ஆண்டு ஜனவரி 26-இல் தொடங்கு.

ராணுவக் கல்லூரி வாசலை மிதிக்காத சரித்திர வாத்தியார் அவர். 1944 டிசம்பர் 22 அன்று 34 பேரோடு படை தொடங்கி, 1948-இல் ஜெனரல் ஆனார். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு 1951-க்கு வா. அந்த ஜனவரியில் வின் யென் சமவெளியில் அலை அலையாக ஆட்களை ஏவினார். பிரெஞ்சு விமானங்கள் நேபாம் என்ற தீக்குண்டுகளைக் கொட்டின; அவர் ஆட்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். மாவோ கே, டே ஆறு என்று அதே ஆண்டில் இன்னும் இரண்டு தோல்வி. இதை மறைத்துப் பேசினால் ஜனவரி 26 விளங்காது.

தியன் பியன் பூவை மூன்று இரவு, இரண்டு பகலில் பிடிப்பதுதான் முதல் திட்டம். 105 மி.மீ. பீரங்கி ஒவ்வொன்றும் 2 டன்னுக்கு மேல். லாரி ஏறாத சரிவில் வடம் கட்டி ஆட்களே இழுத்தார்கள். நம்மூர்த் தேருக்குப் போடுவதுபோல், நகர்ந்த ஒவ்வொரு முழத்துக்கும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை. எல்லாம் தயாரான நிலையில், அந்த ஜனவரி 26-இல் கியாப் தாக்குதலை நிறுத்தினார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று: அரண் கட்டிய எதிரியில் ஒரு பட்டாலியனுக்கு (சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவு) மேல் அவர் படை ஒரே மோதலில் அழித்ததில்லை, காலாட்படையும் பீரங்கியும் இந்த அளவில் சேர்ந்து இயங்கியதில்லை, இரவில் போரிட்டே பழகியவர்களுக்குச் சமதளத்தில் பகல் சண்டை புதிது. இழுத்த பீரங்கிகளைத் திரும்ப இறக்கச் சொன்னார். ஏற்றியதைவிட இறக்குவது ஆபத்து. வடம் அறுந்தால் எடை முழுவதும் கீழே நிற்பவர் மேல்தான்.

பிறகு பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவிலேயே மலையைக் குடைந்து பீரங்கிகளைப் புதைத்தார்கள். வாய் மட்டும் வெளியே. போலிப் பீரங்கிகள் வேறிடத்தில். அதனால்தான் மார்ச் 13-இல் சண்டை தொடங்கியபோது பிரெஞ்சுப் பீரங்கிகளால் அவற்றை அடக்க முடியவில்லை. மாதக் கடைசிக்குள் பிரெஞ்சுக்காரர்களின் விமான ஓடுதளம் செத்தது. அதற்குப் பின் உள்ளே வந்ததெல்லாம் பாராசூட்டில்தான். காயம்பட்டவர்களை வெளியே எடுக்க வழியில்லை.

கியாப்பின் படைக்கு அரிசி வந்த வழியையும் சொல். தோளில் சுமப்பவர் வழியிலேயே பெரும்பகுதியைத் தின்று தீர்த்துவிடுவார். சைக்கிளின் கைப்பிடியில் ஒரு கழியை நீட்டிக் கட்டி, இருக்கைக்குப் பின்னால் இன்னொன்றை நட்டு, தள்ளிக்கொண்டே நடந்தால் ஓர் ஆள் 200 கிலோ கொண்டுபோகலாம்.

மலைகளின் உயரத்தைக் காட்டும் கோடுகள் போட்ட வரைபடத்தைப் பலகையில் மாட்டிவிட்டுப் பேசு. எந்தச் சரிவு பள்ளத்தாக்கைப் பார்க்கிறது என்பதைக் கண்ணால் காணாமல் அவர்களுக்குப் பிடிபடாது.

அன்புடன்,
அப்பா