ரெடிமேட் ப்ராஜெக்ட்டுக்கு வைவா எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற கல்விப் பக்கத்த விடாம படிக்கிற ஆளு நான். சாஃப்ட்வேர் பத்தி எழுதும்போதெல்லாம் எந்த கோர்ஸ் சேரலாம், எதுக்கு இப்போ மார்க்கெட் இருக்குன்னுதான் வருது. கொஞ்ச நாள் முன்னாடி டேட்டா சயின்ஸ், இப்போ ஏஐ. வரட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா நம்ம கடலூர், புதுச்சேரி பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பசங்களுக்கு இந்த தொழில நெஜமாவே கத்துக்க காலேஜுக்குள்ளயே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கு, அது கடைசி வருஷ ப்ராஜெக்ட், அத நெறைய பேரு காசு குடுத்து வாங்கிட்டு வந்துடறாங்க. இத பத்தி யாரும் எழுத மாட்டேங்கறாங்களேன்னுதான் இந்த லெட்டர்.

ப்ராஜெக்ட் சென்டர்னா என்னன்னு தெரியாத பெத்தவங்களுக்காக சொல்றேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மாடியில போர்டு போட்டிருப்பாங்க. உள்ள போனா ஐ-ட்ரிபிள்-ஈ (ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடற இன்ஜினியர்கள் சங்கம்) டைட்டில்னு ஒரு லிஸ்ட் நீட்டுவாங்க, இந்த நோய கண்டுபிடிக்க மெஷின் லேர்னிங், அந்த மோசடிய கண்டுபிடிக்க டீப் லேர்னிங்னு எல்லாம் பெரிய பெரிய பேரா இருக்கும். டைட்டில டிக் பண்ணா கோடு (அதாவது புரோகிராம்), பிபிடி, ரிப்போர்ட், பைண்டிங் வரைக்கும் அவங்க பொறுப்பு. கேட்டா எக்ஸ்பிளனேஷன் கிளாஸ்னு ஒரு நாள் உக்கார வச்சு வைவால, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வுல, என்ன கேட்டா என்ன சொல்லணும்னும் சொல்லிக் குடுப்பாங்க. ஜீரோத் ரிவியூ (ஆரம்பத்துல டைட்டில காட்டறது), ஃபர்ஸ்ட் ரிவியூ, செகண்ட் ரிவியூ எல்லாம் முடிஞ்சு வைவாவும் முடிஞ்சு பையன் பாஸ் ஆகிடுவான், அந்த கோடு எந்த ஃபைல்ல ஆரம்பிக்குதுன்னு கேட்டா முழிப்பான். சென்டர்காரங்கள மட்டும் திட்டி புண்ணியம் இல்ல, அவங்க கேக்கறவங்களுக்கு விக்கிறாங்க. காலேஜ்ல கைடா இருக்கற மேடம், சார் நெலமையும் பாவம்தான், ஒருத்தர் தலையில அத்தன பேட்ச், அதுக்கு மேல காலேஜோட தரத்த பாக்கற நாக், என்பிஏ ஃபைலு வேற.

சென்னையில இருக்கற ஒரு கம்பெனிக்கு திருப்பாப்புலியூர்ல வீட்டுல இருந்தே வேலை பாக்கறேன், புதுசா சேர்ற பசங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்கறதும் என் வேலைல ஒரு பகுதி. அதனால தெரிஞ்சுதான் சொல்றேன், மொத வருஷம் யாரும் புதுசா ஒண்ண அடியிலேர்ந்து எழுத சொல்ல மாட்டாங்க. எவனோ எழுதி வச்சிட்டு வேற கம்பெனிக்கு போயிட்ட பழைய கோட திறந்து, இது எங்க உடையுதுன்னு தேடி, ரெண்டு வரிய மாத்தி, மாத்துனதால வேற எதுவும் உடையலன்னு பாத்து, சீனியருக்கு ரிவியூக்கு அனுப்பணும். அவர் பத்து கேள்வி எழுதி திருப்பி அனுப்புவார், இந்த பேரு ஏன், இந்த லூப் ஏன், லிஸ்ட் காலியா வந்தா என்ன ஆகும்னு. அதுக்கு பதில் தேடறதுலதான் ஒருத்தர் வளர்றாங்க. சர்டிபிகேட் எத்தன வச்சிருந்தாலும் எர்ரர் மெசேஜ கடைசி வரி வரைக்கும் பொறுமையா படிக்கிற பழக்கம் இல்லன்னா மொத மாசமே திணறிடுவாங்க, நான் பாத்துட்டே இருக்கேன். ரெடிமேட் ப்ராஜெக்ட்ல எர்ரரே வராது, அதுதான் அதுல இருக்கற பெரிய குறையே.

சரி வேற என்ன பண்றதுன்னு கேப்பீங்க. தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு எந்த மாத்திரை எப்போ எக்ஸ்பைரி ஆகுதுன்னு முன்கூட்டியே சொல்ற ஒரு சின்ன புரோகிராம் எழுதட்டும். கேக்கறதுக்கு சப்பையா இருக்கும், ஐ-ட்ரிபிள்-ஈ லிஸ்ட்ல வராது. ஆனா எழுத உக்காந்தா தெரியும். அட்டையில மாசமும் வருஷமும் மட்டும்தான் போட்டிருக்கும், தேதி இருக்காது, அப்போ அந்த மாசக் கடைசி வரைக்கும் நல்லதுன்னு எடுத்துக்கணும், கோடு அத ஒண்ணாந்தேதின்னு எடுத்துக்கிட்டா நல்ல மாத்திரைய தூக்கிப் போட சொல்லும். ஒரே மாத்திரை ரெண்டு பேட்ச்ல ரெண்டு தேதியோட வரும். பில் போட்டுட்டு இருக்கும்போதே கரண்ட் போச்சுன்னா ஸ்டாக் குறைஞ்சுதா இல்லையான்னு ஒரு பிரச்சனை வரும், ஒண்ணு முழுசா நடக்கணும் இல்லன்னா நடக்கவே கூடாதுங்கற டேட்டாபேஸ் டிரான்சாக்ஷன்னு சிலபஸ்ல மனப்பாடம் பண்ணது எதுக்குன்னு அப்போதான் உறைக்கும்.

கஸ்டமர் பேர தமிழ்ல வச்சுக்கலாம்னு ஆசப்பட்டா இன்னும் சுவாரசியம். 'தமிழ்'னு எழுதினா நமக்கு மூணு எழுத்து, பைத்தான்ங்கற புரோகிராம் மொழில நீளத்த எண்ற லென் போட்டா 5னு வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கற முறை) தனித்தனியா வச்சிருக்கு. 'கொ'ன்னு இருக்கே, அதுல வர்ற ஒகரக் குறிய ஒரே குறியாவும் வைக்கலாம், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு குறியாவும் வைக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், நார்மலைஸ் பண்ணலன்னா, அதாவது ஒரே வடிவத்துக்கு மாத்தலன்னா, கம்ப்யூட்டருக்கு வேற வேற. கொளஞ்சின்னு ஒருத்தர் பேரு லிஸ்ட்ல இருந்தும் தேடினா வராம போறது இப்படித்தான். இந்த எழுத்து பிரிக்கிற வேலைக்குன்னே ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு, அதோட கோடு முழுசும் யார் வேணா படிக்கலாம். காலேஜ் பையன் ஒருத்தன் அத ஒரு வாரம் உக்காந்து படிச்சான்னா அதுவே பெரிய படிப்பு.

காலேஜுங்க செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல, செலவும் இல்ல. ஜீரோத் ரிவியூ அன்னிக்கே கிட் போட சொல்லணும், கோடுல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் பதிவு பண்ணி வைக்கிற சாஃப்ட்வேர் அது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதினது, இன்னிக்கு சாஃப்ட்வேர் கம்பெனில அது இல்லாம பொழப்பு ஓடாது. எந்த நாள் என்ன மாத்தினான், ஏன் மாத்தினான்னு வரி வரியா இருக்கும். மார்ச் மாசம் ஒரே ராத்திரில மொத்த கோடும் வந்து விழுந்திருந்தா பாத்தாலே தெரிஞ்சுடும். (கிட்ல தேதியையும் மாத்தலாம்னு வெவரமான பசங்களுக்கு தெரியும், அதையாவது தெரிஞ்சு வச்சிருந்தா சந்தோஷம்தான்.) அதுக்குத்தான் ரெண்டாவது விஷயம் சொல்றேன், வைவால பிபிடி வேண்டாம். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒரு சின்ன மாத்தம் சொல்லட்டும், இந்த பட்டன அமுக்கினா தேதி வாரியா வரணும், இந்த பாக்ஸ காலியா விட்டா தமிழ்ல மெசேஜ் வரணும்னு. அரை மணி நேரம், லேப்டாப் அவனோடது, நெட்டும் இருக்கட்டும், கூகுள் பண்ணட்டும். சொந்தமா எழுதினவன் பதட்டத்துல தடுமாறினாலும் எந்த ஃபைல திறக்கணும்னு அவனுக்கு தெரிஞ்சிருக்கும்.

இப்போ ஏஐ வந்தாச்சே, அதுவே எழுதிக் குடுத்துடுமேன்னு எங்க பக்கத்து வீட்டு அங்கிளே கேக்கறார். குடுக்கும், சாட்ஜிபிடி 2022 நவம்பர்ல வந்ததுலேர்ந்து நாங்களும்தான் தெனமும் யூஸ் பண்றோம். ஆனா அது எழுதிக் குடுக்கறதும் இன்னொருத்தர் எழுதின கோடுதான, அத படிச்சு சரியா தப்பான்னு சொல்ற ஆளு வேணும்ல. படிக்கத் தெரியாதவன் கையில குடுத்தா சென்டர்ல வாங்கின சிடிக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல, காசு மிச்சம், அவ்ளோதான்.

கோர்ஸ் விளம்பரத்த நம்பி கடன் வாங்கற பெத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். விளம்பரத்துல பேரு வருஷா வருஷம் மாறும், அடியில இருக்கறது அவ்ளோ சீக்கிரம் மாறாது. எட்கர் காட் டேபிள் டேட்டாபேஸ் ஐடியாவ எழுதினது 1970ல, அத வச்சு வந்த எஸ்க்யூஎல்லோட (டேட்டாபேஸ்லேர்ந்து தகவல் கேக்கற மொழி) மொத வடிவம் 1974ல. அம்பது வருஷம் ஆச்சு, இன்னிக்கும் இன்டர்வியூல அதுல கேள்வி கேக்காத கம்பெனி கம்மி. அத கத்துக்க லட்சத்துல ஃபீஸ் கட்ட வேண்டிய அவசியமே இல்ல. விழுப்புரத்துல வி.ஜி.எல்.யூ.ஜி., புதுச்சேரியில எஃப்.எஸ்.எச்.எம். மாதிரி கட்டற்ற மென்பொருள் (கோட யார் வேணா படிக்கலாம், மாத்தலாம்) ஆர்வலர் குழுவெல்லாம் இருக்கு, போய் உக்காந்தா நம்ம கோட இன்னொருத்தர் பாத்து கேள்வி கேக்கற எடம் கிடைக்கும், நான் மேல சொன்ன ரிவியூ அதுதான்.

கடைசியா உங்களுக்கு ஒரு ரிக்வெஸ்ட். ஜீரோத் ரிவியூ சீசன் வர்றதுக்கு முன்னாடி கல்விப் பக்கத்துல ஒரு வாரம் கோர்ஸ் லிஸ்ட நிறுத்திட்டு, சொந்தமா ப்ராஜெக்ட் செஞ்ச பசங்க நாலு பேர எழுத சொல்லுங்க, எங்க மாட்டிக்கிட்டாங்க, எப்படி வெளிய வந்தாங்கன்னு. வீட்டுலேர்ந்து வேலை பாக்கற சாஃப்ட்வேர்காரங்க கடலூர்லயும் புதுச்சேரியிலயும் இப்போ நெறைய பேரு இருக்கோம். எக்ஸ்டர்னலா வந்து உக்காருங்கன்னு எந்த காலேஜ் கூப்பிட்டாலும் சனிக்கிழமைல வர்றதுக்கு நான் ரெடி, டிஏ எல்லாம் வேண்டாம். என் அட்ரஸ் உங்க ஆபீஸ்ல குடுத்திருக்கேன், கேக்கற காலேஜுக்கு தாராளமா குடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாப்புலியூர், கடலூர்.