அந்தப் ‘பாவப்பட்ட’ வழிகாட்டி எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான கொச்சிப் பயணக் கட்டுரையில், மட்டாஞ்சேரி யூதத் தெருவில் கட்டுரையாளர் கண்ட காட்சி ஒன்று இவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது: ‘உபசரித்த தேநீரைத் தொடக்கூட மறுத்த அந்த யூதத் தம்பதியின் முன்னால் அசட்டுச் சிரிப்போடு நின்ற வழிகாட்டியைப் பார்க்கப் பாவமாக இருந்தது, நம்மைத் தீண்டத்தகாதவர்களாக நினைப்பவர்களுக்கு நாம் ஏன் ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும்?’ அந்தப் பாவப்பட்ட வழிகாட்டி நான்தான். கட்டுரையாளர் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாரே தவிர, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும். அவருக்குத்தான் சுவையான ஒரு பத்தி குறைந்திருக்கும்.

தேநீரை நீட்டியவர் கடைக்காரர். பழகிய மனிதர், என்னோடு வருபவர்களுக்குக் கேட்காமலே கொடுத்துவிடுவார். தம்பதி மறுத்ததற்குக் காரணம் அவருடைய கையன்று, பாலும் கோப்பையும்தான். யூத மார்க்கத்தைக் கறாராகப் பின்பற்றுகிறவர்கள் கோஷர் என்னும் யூத உணவு முறைப்படி அமைந்த உணவைத் தவிர வேறெதையும் உண்பதில்லை என்பதும், இறைச்சியையும் பாலையும் சேர்ப்பதில்லை என்பதும், அவற்றுக்கெனத் தனித்தனிப் பாத்திரங்கள் வைத்திருப்பார்கள் என்பதும் தங்களைப் போன்ற வாசிப்பு உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த விதி நமக்கு எதிரானதும் அன்று. சமையலறையில் இதைக் கடைப்பிடிக்காத இன்னொரு யூதர் வீட்டிலும் இவர்கள் சாப்பிட மாட்டார்கள். எங்கள் ஊர்க் கரிமீனுக்குச் செதிலும் துடுப்பும் உண்டு என்பதால் மீனில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. இறால் வறுத்த அதே சட்டியில் அது பொரிவதில்தான் ஆட்சேபணை. தேநீர் மறுக்கப்பட்ட கையோடு, எதிர்க்கடையில் இளநீர் சீவச் சொல்லி, என் கையிலிருந்தே வாங்கி இருவரும் குடித்தார்கள். அந்த அம்மையார் பையிலிருந்து பேரீச்சையும் வாதுமையும் எடுத்து எனக்கும் கடைக்காரருக்கும் கொடுத்துவிட்டு, அதே பொட்டலத்திலிருந்து தாமும் தின்றார். கட்டுரையாளர் அதற்குள் புகைப்படம் எடுக்கப் போய்விட்டார் போலிருக்கிறது.

கொச்சியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன் நான். இந்தத் தெருக்களில் நடந்துதான் பிழைக்கிறேன். வாடிக்கையாளரின் கொள்கைக்கு ஏற்ப நாளை வகுத்துக்கொடுப்பது என் தொழில், அதில் அவமானம் ஏதுமில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் என் கூலியைக் கணக்குத் தீர்த்துக் கையில் கொடுத்துவிட்டார்கள், ஏனெனில் அப்போது தொடங்கும் சபாத் என்னும் ஓய்வுநாள் முடிந்து மறுநாள் இரவு நட்சத்திரங்கள் தெரியும் வரை பணத்தைத் தொட மாட்டார்கள், வண்டி ஏற மாட்டார்கள், மின்விசையைப் போடவோ அணைக்கவோ மாட்டார்கள். அட்டையைத் தேய்த்தால் திறக்கும் விடுதி அறைக் கதவு அவர்களுக்கு ஆகாது. நான் முன்கூட்டியே பேசி, சாதாரணச் சாவி போட்டுத் திறக்கும் தரைத்தள அறையை வாங்கிக் கொடுத்திருந்தேன். குளிர்பெட்டியைத் திறந்தால் உள்விளக்கு எரியுமே என்று, அதன் ஓரத்திலிருக்கும் சின்னப் பொத்தானை அந்த அம்மையார் பிளாஸ்திரி ஒட்டி அமுக்கிவைத்ததை நான் பார்த்தேன். வசதிக்காக ஊர் சுற்ற வந்த இடத்திலும் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டில் இவ்வளவு நுணுக்கமாக இருப்பவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. கட்டுரையாளருக்கு வந்திருக்கிறது.

அவர்கள் எதற்காகக் கொச்சிக்கு வந்தார்கள் என்பதையாவது அவர் விசாரித்திருக்கலாம். எருசலேமில் வசிக்கும் அவர்கள், அங்குள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் யூத ஜெபாலயத்தின் உட்புற மரவேலைகளைப் பலமுறை பார்த்தவர்கள். அந்த மரம் கழற்றப்பட்ட கட்டடத்தை நேரில் காண வேண்டும் என்பதே பயணத்தின் முதல் நோக்கம். 2019ஆம் ஆண்டு மழையில் ஒரு பகுதி இடிந்துவிட்ட அந்தச் சுவர்களின் முன் கணவர் வெகுநேரம் நின்று, கைப்பேசியிலிருந்த அருங்காட்சியகப் படத்தோடு சன்னல் சன்னலாக ஒப்பிட்டுப் பார்த்தார். யூதக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, அவர் பண்டைய குருமார் வழியில் வந்தவர் என்பதால் உள்ளே நுழையக் கூடாது. மதிலுக்கு வெளியே நின்றுகொண்டார். மனைவி உள்ளே சென்று ஒவ்வொரு கல்லாக உரக்கப் படிக்க, இவர் வெளியிலிருந்து பெயர்களைத் திருப்பிச் சொன்னார். கொச்சிக்கு வடக்கே உள்ள சேந்தமங்கலத்தில், 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த, இஸ்ரேல் என்பவரின் மகள் சாராவின் கல்லறைக் கல்லை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

யூதத் தெருவிலுள்ள பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது, தரையில் சீனத்து நீல ஓடுகள், கூரையில் பெல்ஜியக் கண்ணாடி விளக்குகள் என்று சுற்றுலாத் துண்டறிக்கையில் உள்ளதையெல்லாம் கட்டுரை மறக்காமல் சொல்லிவிட்டது. ஆனால் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு முயிரிக்கோட்டிலிருந்து வழங்கிய செப்பேடுகள் பழந்தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை என்பதற்கு ஒரு தமிழ் இதழில் ஒரு வரி இடமில்லை. தீண்டாமை பற்றித்தான் எழுத வேண்டுமென்று அவருக்குத் தோன்றியிருந்தால், அதற்கான கதையும் அந்தத் தெருவிலேயே இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்களை அதே பரதேசி ஜெபாலயம் சமமாக உட்காரவிடாத காலம் ஒன்று உண்டு. அந்த ஒதுக்கலை, அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் சத்தியாக்கிரக வழியில் எதிர்த்துப் போராடினார். ‘யூதக் காந்தி’ என்றே அவரை அழைத்தார்கள். நான் அந்தத் தம்பதிக்கு இதை மறைக்காமல் சொன்னேன், அவர்களும் முகம் சுளிக்காமல் கேட்டார்கள். உண்மையான தீண்டாமை நடந்த வாசலில் நின்றுகொண்டு, தேநீர்க் கோப்பையில் தீண்டாமையைத் தேடியிருக்கிறார் தங்கள் கட்டுரையாளர்.

இது முதல் முறையாக இருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். தங்கள் இதழின் பயணக் கட்டுரைகளில் வழிகாட்டி என்பவன் மசாலாக் கடையில் கமிஷன் வாங்குகிறவனாகவோ, பொய்த் தேதி சொல்கிறவனாகவோ, இப்போதுபோல் பரிதாபத்துக்குரியவனாகவோ மட்டும்தான் வருகிறான்; அவன் சொன்ன தகவல்கள் மட்டும் கட்டுரையாளரின் ஆராய்ச்சியாகிவிடுகின்றன. முன்பு தாங்கள் வெளியிட்ட கேரளச் சுற்றுலாச் சிறப்பிதழில் ஜெபாலயம் வாரம் முழுவதும் திறந்திருக்கும் என்று அச்சாகியிருந்தது. அதை நம்பி மதுரையிலிருந்து முதியவர்களோடு வந்த ஒரு குடும்பம் சனிக்கிழமை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, கோபத்தை வேறெங்கும் காட்ட வழியில்லாமல் என்மேல் காட்டியது. அப்போதும் தங்களுக்கு எழுதினேன். ‘கொச்சிக் கட்டுரை அருமை’ என்று நான் மரியாதைக்காகத் தொடங்கிய முதல் வாக்கியம் மட்டும் அழகாக வெளிவந்தது. பிழையைச் சுட்டிய மற்றதெல்லாம் இட நெருக்கடியில் போய்விட்டது. தங்கள் இடநெருக்கடி புரிகிறது. பக்கத்துப் பக்கத்தில் முழுப்பக்க நகை விளம்பரம் இருந்ததையும் கவனித்தேன்.

அந்தத் தம்பதிக்குத் தமிழ் தெரியாது. தம்மைப் பற்றித் தமிழில் என்ன எழுதப்பட்டது என்று அவர்கள் அறியப்போவதும் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் உறுத்துகிறது. பதில் சொல்ல முடியாதவர்களைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்று தங்கள் தலையங்கங்களிலேயே பலமுறை படித்திருக்கிறேன்.

ஆகவே மன்னிப்பு எதுவும் நான் கோரவில்லை. பரதேசி ஜெபாலயத்தில் சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாள்களிலும் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்ற திருத்தத்தையும், அந்தத் தேநீரை மறுத்தது உணவு விதியினால்தான் என்ற விளக்கத்தையும் அடுத்த இதழில் வெளியிட்டால் போதுமானது. வழக்கம்போல் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், சனிக்கிழமை பற்றிய வரியையாவது விட்டுவையுங்கள், விடுமுறைக்காலம் வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
கொச்சிக் கோட்டை