வேத வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சகோதர சகோதரிகளே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, பழைய ஏற்பாட்டில் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றும் வசனங்களையே இந்த ஆண்டு முழுவதும் வாசித்தோம். கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

"இதனால் விசுவாசம் ஆட்டம் காணாதா, ஐயா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் முதல் கூட்டத்திலேயே கேட்டார். நியாயமான கவலைதான். நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது 4ஆம் வசனம்; கொடு என்கிறது 5ஆம் வசனம். தொகுத்தவர் தெரியாமலா இவற்றை அடுத்தடுத்து வைத்திருப்பார்? இந்த முரணுக்காகவே அந்நூலை மறைத்துவைக்க யூத அறிஞர்கள் எண்ணினார்கள் என்கிறது, ரபீக்கள் என்னும் யூத வேத ஆசிரியர்களின் விவாதங்களைத் தொகுத்த தால்மூத். பிறகு நிதானமாக ஆராய்ந்து, வேதக் காரியமானால் பதில் சொல், உலகக் காரியமானால் விட்டுவிடு என்று பொருள் கண்டார்கள்.

ஜூன் கூட்டம் எனக்கு மறக்காது. எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் ஆட்டை நீரில் வேகவைக்காமல் நெருப்பில் சுட வேண்டும் என்பது யாத்திராகமம் 12:9. உபாகமம் 16:7இலோ, முன்பு விலக்கப்பட்ட அதே 'பஷல்' என்னும் எபிரேய வினையே கட்டளையாக வருகிறது. அது பொதுவாகச் சமைப்பதையும் குறிக்கும், வேகவைப்பதையும் குறிக்கும். மொழிபெயர்ப்பில் இந்த நெருடல் எளிதில் கண்ணில் படாது. மூன்றாவதாக 2 நாளாகமம் 35:13ஐ வாசித்தோம். யோசியா ராஜாவின் காலத்துப் பஸ்காவை விவரிக்கும் அந்த ஆசிரியர், இரண்டு நூல்களின் சொற்களையும் சேர்த்து 'நெருப்பில் பஷல் செய்தார்கள்' என்று எழுதியிருக்கிறார். இரண்டு சுருள்களையும் முன்னால் விரித்துவைத்து, எதையும் கைவிட மனமில்லாமல் எழுதிய ஒருவரை அன்று நேரில் கண்டதுபோல் இருந்தது. நமக்கு முன்பே, வேதத்துக்குள்ளேயே ஒருவர் இந்தச் சிக்கலோடு போராடியிருக்கிறார். கேள்வி கேட்ட பெரியவர் அந்த வசனத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

தாவீது ராஜா பலிபீடம் கட்டுவதற்காகப் போரடிக்கும் களத்தை வாங்கிய விலையில் இன்னும் உடன்பாடு இல்லை. 2 சாமுவேல் 24இல் களமும் மாடுகளும் 50 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளி. 1 நாளாகமம் 21இல் அந்த நிலம் 600 சேக்கல் பொன். கோத்திரத்துக்கு 50 வீதம் 12 கோத்திரத்துக்கு 600 என்பது ரபீக்களின் கணக்கு. அழகான கணக்குதான், ஆனால் வெள்ளி எப்படிப் பொன்னானது என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம் எனக்கு நிறைவு தரவில்லை. அவசரமாக ஒட்டுப்போடுவதைவிட இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு வாசிப்பதே வேதத்துக்கு நாம் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

வரும் ஆண்டில், பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிப்பதாகச் சொல்லும் யாத்திராகமம் 20ஐ, மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்னும் எசேக்கியேல் 18உடன் வாசிக்கலாம். அதற்குமுன் எபிரேய எழுத்துகளையாவது அறிமுகப்படுத்தும் வகுப்பு ஒன்று வேண்டும். அதற்கான தீர்மானத்தையும் இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்